கோயிலுக்குள் மட்டும் கூப்பிடுகிற பெயர்

தஞ்சாவூர்
6.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அம்மாவுக்கு அடித்தால், "அவன் பக்கத்துல இருக்கான், அப்பறம் பேசுடி" என்று வைத்துவிடுகிறாள். தபால்காரரை பிளாக் செய்ய முடியாதே என்றுதான் கடிதம் எழுதுகிறேன். காதல் கடிதம் என்று நினைத்து அறையில் எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். என் அண்ணன் மூஞ்சிக்கு வேறு யார் எழுதுவார்கள் என்று சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் அப்படி என்ன கேட்டேன்? கடைசி வருஷம் ஆய்வேடு எழுத வேண்டும், நம் தெருவைப் பற்றி எழுதப்போகிறேன், அப்பா பேசுவதைப் பதிவு செய்துகொள்கிறேன் என்றேன். உடனே போனைப் பிடுங்கிப் பாதியை அழித்தாய். அப்பாவுக்கு அந்த இருமலிலும் பேச ஆசை இருந்தது. நீ வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

நான் எழுதுவது இதுதான். நம் தெருவில் எல்லாருக்கும் இரண்டு பெயர். பள்ளிக்கூடத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஒன்று, கோயிலுக்குள் மட்டும் கூப்பிடுகிற ஞானஸ்நானப் பெயர் ஒன்று. அப்பா வெளியே மருதையன், பூசையில் சூசை. அம்மா வேம்பு, படியேறினால் ஆரோக்கியம். நீ இனியவன், சாமியாருக்குச் சவேரி. நான் செம்மொழி, லூர்து. இது ஏன் இப்படி, எப்போதிருந்து இப்படி என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? இங்கே நூலகத்தில் பழைய மிஷன் அறிக்கைகள் இருக்கின்றன. நன்னிலம் பக்கம் அந்தந்த வருஷம் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று போட்டிருக்கிறார்கள். யார் என்று இல்லை. சாமியார்களுக்கெல்லாம் படம் இருக்கிறது.

எங்கள் லத்தீஃபா மேடம் அதிராம்பட்டினத்துக்காரர். முதல் நாள் வகுப்பிலேயே, "உங்க வீட்டைப் பத்தி இந்தப் பாடப் புத்தகத்துல என்ன இருக்குன்னு தேடிப் பாருங்க" என்றார். மூன்று வருஷமாகத் தேடிவிட்டேன். இல்லாததை நானே எழுதுகிறேன். இதில் உனக்கு என்ன கோபம்?

அன்புடன்,
செம்மொழி

*

நன்னிலம்
15.1.2025

செம்மொழிக்கு,

மாட்டுப் பொங்கல் அன்று உட்கார்ந்து உனக்குக் கடுதாசி எழுத வைத்துவிட்டாய். போனில் பேசினால் அம்மா காதில் விழும். வாட்ஸப்பில் போட்டால் எவனாவது ஸ்கிரீன்ஷாட் எடுப்பான். படித்ததும் கிழித்துப் போடு.

என்ன கோபம் என்று கேட்கிறாய். வரலாறு படிக்கிறவளுக்கு அண்ணன் கதை தெரியவில்லை. குரூப் ஃபோர் ஐந்து தடவை எழுதினேன். பகலில் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை தூக்கிவிட்டு, தோள் எரிச்சலோடு படித்தேன். இந்தத் தடவைதான் ரேங்க் வந்திருக்கிறது. அடுத்த மாதம் சென்னையில் கவுன்சலிங். வி.ஏ.ஓ. வேலை கையெட்டும் தூரத்தில் நிற்கிறது. என் சான்றிதழில் என்ன இருக்கிறது தெரியுமா? இந்து ஆதி திராவிடர். நாம் மதம் மாறினவர்கள் என்று தெரிந்தால் அது செல்லாது. பி.சி. பட்டியலுக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தப் பட்டியலில் என் மார்க்குக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

கிறிஸ்தவனாகிவிட்டால் சாதி போய்விடும் என்று சட்டம் சொல்கிறது. பெரிய தெருக்காரர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. போன வாரமும் அறுப்பு மிஷின் நம் வயலுக்குக் கடைசியாகத்தான் வந்தது. அந்தச் சட்டம் சரியா தப்பா என்று நீ கட்டுரை எழுதலாம், எனக்கு வேலை வேண்டும்.

நீ மட்டும் அந்தக் கிறிஸ்தவக் கல்லூரியில் எப்படிச் சேர்ந்தாய்? பங்குச் சாமியார் கடிதம் கொடுத்தார், இவள் லூர்து, தவறாமல் பூசைக்கு வருகிறவள் என்று. அதில்தான் சீட்டும் பாதி விடுதிக் கட்டணமும். உனக்குக் கிறிஸ்தவளாக இருந்தால் படிப்பு. எனக்கு இல்லாமல் இருந்தால் சோறு. ஒரே வயிற்றில் பிறந்தோம். இதையெல்லாம் அச்சில் ஏற்றி ஊருக்குப் படம் காட்டப் போகிறாயா?

மாதா படத்தைச் சுவரிலிருந்து எடுக்கச் சொன்னேன். அம்மா அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். அப்பாவுக்கு மூச்சு வாங்குவது அதிகமாகியிருக்கிறது. வேறு ஏதாவது எழுதித் தொலை. தஞ்சாவூரில் ராஜாக்களுக்கா பஞ்சம்?

இனியவன்

*

தஞ்சாவூர்
27.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வரலாறு படிக்கிறவளிடம் கடிதத்தைக் கிழித்துப் போடு என்கிறாய். கிழிக்கவில்லை. திட்டுவதற்காவது எழுதினாயே.

நீ சொன்னதை மேடத்திடம் சொன்னேன். பெயர்களை மாற்றிக்கொள், ஊர்ப் பெயரையும் மாற்று, அது நேர்மைக் குறைவு இல்லை என்றார். அப்படியே செய்கிறேன். ஆய்வேட்டில் நன்னிலம் என்ற சொல்லே வராது. என்னை நம்பு. உன் வேலை எனக்கும்தான் வேண்டும். நீ மூட்டை தூக்கின காசில்தான் முதல் வருஷம் செருப்பு வாங்கினேன்.

சீட்டைப் பற்றிச் சொன்னாயே, அது சுட்டது. காலையில் சிற்றாலயத்தில் ஜெபத்துக்கு நிற்கும்போது நானும் அதைத்தான் நினைக்கிறேன். பக்கத்தில் நிற்கும் பெண் ஐந்து தலைமுறைக் கிறிஸ்தவள். "உங்க வீட்ல எப்ப கன்வெர்ட் ஆனீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஏன் ஆனோம் என்றும் தெரியவில்லை. மாவுக்கும் பால்பவுடருக்கும் மாறினவர்கள் என்று வகுப்பில் ஒருவன் சிரித்தான். பதில் சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை. அதனால்தான் அப்பாவைக் கேட்டேன்.

நீ அழித்தது போக மிச்சப் பதிவு இருக்கிறது. நமக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்தாளாமே, உனக்குத் தெரியுமா? ஆறு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். சுடுகாட்டுக்குப் போகிற பாதை பெரிய தெருக்காரர்கள் வயல் வழியாக. நடவு முடிந்த நேரம். நட்ட வயலில் பிணத்தோடு இறங்கக் கூடாது என்று மறித்துவிட்டார்கள். அப்பா குழந்தையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். மழை வேறு. சைக்கிளில் வந்த சாமியார் இறங்கி என்னவென்று கேட்டார். கோயில் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்த் தானே குழி வெட்டி, தன் கையாலேயே மண் போட்டார். அடுத்த ஈஸ்டருக்கு அப்பா சூசை ஆனார். "அது எங்க கெடக்கோ அங்கதான் நானும்" என்கிறார். அதற்கப்புறம் இருமல், அதற்கப்புறம் உன் குரல்.

இதை எழுதாமல் நான் எந்த ராஜாவை எழுதுவது?

அன்புடன்,
செம்மொழி

*

நன்னிலம்
14.2.2025

செம்மொழிக்கு,

நம்பச் சொன்னாய். நம்பினேன். இப்போது என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாய்.

பெயரெல்லாம் மாற்றினாயே, உன் மூஞ்சியை மாற்றினாயா? கருத்தரங்கில் நீ பேசுகிற படத்தை உங்கள் துறை ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறது. 'நன்னிலம் அருகிலுள்ள தன் சொந்தக் கிராமத்தின் கிறிஸ்தவ வரலாறு குறித்து மாணவி லூர்து செம்மொழி' என்று கீழே வாழ்த்து. பக்கத்துத் தெருப் பையன் கடைத்தெருவில் வைத்துக் காட்டினான். "உன் தங்கச்சி பெரிய ஆளாயிட்டா போலயே" என்றான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

நீ சொல்லி எடுத்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். எடுத்து என்ன? மொட்டைப் பெட்டிஷன் போய்விட்டது. வெயிட்டிங் லிஸ்டில் நிற்கிறவனோ, தெருவிலேயே வயிறெரிகிறவனோ, யாருக்குத் தெரியும். நம் கிராம உதவியாளர் அண்ணாதுரை அண்ணன்தான் ரகசியமாக வந்து சொன்னார். "தம்பி, விசாரணைக்கு வந்துருக்கு. வீட்ல சிலுவை கிலுவ இருந்தா எடுத்துரு. ஞாயித்துக்கிழம யாரும் கோயில் பக்கம் போவ வேணாம்" என்றார். கவுன்சலிங்கில் இடம் ஒதுக்கிவிட்டார்கள், விசாரணை அறிக்கை சரியாகப் போனால்தான் உத்தரவு வரும். போகாவிட்டால் வேலையும் இல்லை, பொய்ச் சான்றிதழ் என்று கேஸும் வரும்.

அப்பாவைத் திருவாரூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதாம். சாமியாரைப் பார்க்க வேண்டும் என்கிறார். இப்போது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நீ வந்து பார்த்துவிட்டுப் போ. சாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்காதே, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

இனியவன்

*

தஞ்சாவூர்
10.3.2025

அண்ணனுக்கு,

அம்மாவுக்காகத்தான் அப்பா போன எட்டாம் நாள் வரை பேசாமல் இருந்தேன்.

தெருமுனை வரைக்கும்தான் பெண்கள் வரலாம். அங்கே நின்று அழுதுகொண்டிருந்தோம். வலது பக்கம் திரும்பினால் கல்லறைத் தோட்டம். பாடை இடது பக்கம் திரும்பியது. முதலில் எனக்குப் புரியவில்லை. கூட்டம் அதிகம், வளைத்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன். அம்மாதான் அழுகையை நிறுத்தினாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள் பார், அந்த நகம் பட்ட இடம் இன்னும் எரிகிறது. நான் ஓடி வந்து மறித்திருப்பேன். அவள் விடவில்லை.

நீ மொட்டையடித்து, குடம் உடைத்து, கொள்ளி வைத்தாய். புதைத்திருந்தால்கூட ஒரு இடம் இருந்திருக்கும். எரித்துவிட்டாய். எந்தச் சுடுகாட்டுக்குத் தன் குழந்தையைக் கொண்டுபோக விடவில்லையோ அங்கேயே அவரைக் கொண்டுபோய் எரித்தாய். "அது எங்க கெடக்கோ அங்கதான் நானும்" என்று சொன்னதை உனக்கு எழுதியிருந்தேன். படித்தாய்தானே?

நான்தான் காரணம் என்று நீ சொல்வாய். சொல். ஃபேஸ்புக்கில் போட்டது துறை, ஆனால் மேடையில் போய் நின்றது நான். அதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் இல்லை. ஆனால் பாடையைத் திருப்பச் சொன்னது நான் இல்லை, அண்ணே.

செம்மொழி

*

நன்னிலம்
17.3.2025

செம்மொழிக்கு,

படித்தேன். நீ எழுதினதெல்லாம் வாஸ்தவம். இப்போது நான் சொல்வதையும் கேள்.

ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் நான்தான் கூட இருந்தேன். அவரிடம் கேட்டேன். ஒளித்துச் செய்யவில்லை. "அப்பா, ஏதாச்சும் ஆச்சுன்னா இப்ப கல்லறைக்குக் கொண்டு போவ முடியாது. என் வேலை போயிரும். என்னப்பா செய்யட்டும்?" என்றேன். பெத்த அப்பனிடம் உயிரோடு இருக்கும்போதே இதைக் கேட்டவன் நான். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சரி என்று சொன்னாரா, போடா என்று சொன்னாரா? எனக்குத் தெரியாது. சரி என்று எடுத்துக்கொண்டேன். அதை வைத்துத்தான் கொள்ளி வைத்தேன்.

ஏன் புதைக்கவில்லை என்றால், அண்ணாதுரை அண்ணன் யோசனை. "பொதச்சா நாளைக்கு எவனாச்சும் சிலுவை நட்டு போட்டோ எடுப்பான். எரிச்சுட்டா பேச்சே இல்ல" என்றார். மாலையோடு வந்தாரே, பார்த்தாய் அல்லவா? நான் கொள்ளி வைத்துவிட்டு நிற்கையில் தன் போனில் படம் எடுத்தார். "விசாரணைக்கு ஒரு ஆதாரமா இருக்கட்டும் தம்பி" என்றார். என் நல்லதுக்குத்தான் செய்தார். நானும் நிமிர்ந்து நின்றேன். முகம் நன்றாகத் தெரியட்டும் என்று நின்றேன், செம்மொழி. பின்னால் அப்பா எரிந்துகொண்டிருந்தார்.

அந்தப் படம் அறிக்கையோடு போயிருக்கிறது. குடும்பம் இந்து முறைப்படி ஈமச்சடங்கு செய்தது, நேரில் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கேஸ் முடிந்தது.

உன் ஆய்வேடு என்ன ஆகும் என்று கேட்க எனக்கு இப்போது வாயில்லை. நீ அதைக் கொடுத்தால் நான் அப்பாவை எரித்தது வீணாகப் போகும். அதை மட்டும் சொல்கிறேன்.

இனியவன்

*

தஞ்சாவூர்
4.4.2025

அண்ணனுக்கு,

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். பயப்படாதே, நம் தெருவைப் பற்றி இல்லை. நம் வாய்க்காலில் முறைத் தண்ணீர் விட்ட வரலாறு. கடைமடைக்கு எந்த வருஷம் தண்ணீர் வந்தது, வரவில்லை, யார் மதகை உடைத்தார்கள் என்று அடித்துப் பிடித்து எழுதி முடித்தேன். வாய்வழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் ரொம்பப் பாராட்டினார். சிரித்துக்கொண்டு நின்றேன்.

உனக்காக மாற்றவில்லை, அப்படி நினைத்துக்கொள்ளாதே. நீ அந்தப் படத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படித்தபிறகு தெருவைப் பற்றி என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. இரண்டாம் வருஷம் முழுக்க எங்களுக்கு இதுதான் பாடம்: ஆதாரம் எது, யார் எழுதியது, யாருக்காக எழுதியது. நாளைக்கு என்னைப் போல ஒருத்தி வந்து தேடினால் அவளுக்கு என்ன கிடைக்கும்? அந்த அறிக்கை கிடைக்கும். படம் கிடைக்கும். மருதையன், இந்து, தகனம். எல்லாம் கையெழுத்தோடு பத்திரமாக இருக்கும். மேடம் சொல்லிக்கொடுத்தபடி சோதித்துப் பார்த்தாலும் சந்தேகமே வராது. அவரைச் சூசை என்று கூப்பிட்டவர்கள் செத்துப்போய்விட்டால் அதோடு சரி.

மேடத்திடம் தலைப்பை மாற்றப்போகிறேன் என்று சொன்னபோது காரணம் கேட்கவில்லை. "எங்க வாப்பாவும் சிலதை எழுத வேணாம்மா, இருக்கிறவங்க நிம்மதியா இருக்கட்டும்பாங்க. அப்ப எனக்குக் கோவம் கோவமா வரும்" என்றார். துறைப் பக்கத்தில் போட்டதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மாவை ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்துக்காவது பஸ் ஏற்றி அனுப்பு. அங்கே யாருக்கு அவளைத் தெரியும், எந்தக் கோயிலிலாவது பூசை பார்த்துவிட்டு வரட்டும். நான் வந்து கூட நிற்கிறேன்.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. வேலை உத்தரவு வந்தால் மட்டும் சொல்.

செம்மொழி

*

நன்னிலம்
22.6.2025

அன்புள்ள செம்மொழிக்கு,

உத்தரவு வந்து, வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மா போனில் சொல்லியிருப்பாள். மன்னார்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். ஆற்றில் தண்ணீர் விட்டிருப்பதால் குறுவைக்கு அடங்கல் சான்று கேட்டுத் தினமும் ஆட்கள் வருகிறார்கள். சார் என்கிறார்கள். பெரிய தெரு வைத்தியலிங்கம் மகன்கூட வழியில் பார்த்து வண்டியை நிறுத்தி, "என்ன இனியா, ஆபீஸர் ஆயிட்ட" என்று கை கொடுத்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பா பார்க்கவில்லையே என்று நினைத்ததும் அது போய்விட்டது.

போன வாரம் சாதிச் சான்றிதழுக்கு ஒரு மனு வந்தது. நம்மைப் போன்ற தெருதான். வீட்டைப் பார்த்து விசாரிக்க வேண்டியது என் வேலை. நான் பைக்கை நிறுத்தும்போதே அந்த வீட்டம்மா உள்ளே ஓடினாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது, சுற்றிலும் சதுரமாகக் கரி படாத இடம். நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள். "ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். விசாரித்தேன், சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். திரும்பி வரும்போது வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

உனக்கு எழுதவேண்டும் என்று நினைத்தது இது இல்லை. அம்மாவைப் பற்றி.

கும்பகோணத்துக்கு நீ கூப்பிட்டும் அவள் வரவில்லை என்று உனக்குத் தெரியும். நானும் சொல்லிப் பார்த்தேன். "வேணாம்யா, எதுக்கு வம்பு" என்கிறாள். என்னோடு சண்டை இல்லை. சோறு போடுகிறாள், சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதனால் ஆறிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

இன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்றிக்கொண்டே, "இந்த வேலையில எப்பய்யா ரிட்டயர்மெண்டு?" என்றாள். பென்ஷனுக்குக் கேட்கிறாள் போலும் என்று, இப்பல்லாம் பழைய பென்ஷன் இல்லம்மா என்று விளக்க ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும். எந்த வருசம்?"

"அறுபது வயசுல. ரெண்டாயிரத்து அம்பத்தேழு. ஏம்மா?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கி எண்ணினாள். எண்ணி முடிக்கிற வரைக்கும் நான் பிசைந்த சோறு கையிலேயே இருந்தது.

"அப்ப எனக்கு எம்பத்தஞ்சு ஆயிரும்" என்றாள். "அதுவரைக்கும் எப்படியாச்சும் இழுத்துப் புடிச்சுக் கெடந்துட்டேன்னா, அன்னைக்கு என்னை வலது பக்கம் கொண்டு போயிருவியாய்யா?"

இனியவன்